அப்பா இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?

மிக்ஸி விற்கிறவன் மிக்ஸியை விற்றுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் விற்கிறவள் மட்டும் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்காக வளர்வதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. முன்பக்கம் ஜெராக்ஸ், பின்பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிளிங். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்குப் பாடம் எடுத்தது சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெரு. முதன்முதலில் அங்கே வாங்கி வந்த மோடத்தைக் கடையில் வைத்துக் குலுக்கினேன், கடகடவென்று சத்தம் வந்தது. பிரித்தேன். உள்ளே எடைக்கு ஒரு ஜல்லிக்கல். அன்றிலிருந்து விளக்கு எரிவதைக் கண்ணால் பார்க்காமல் நான் பர்ஸைத் திறந்ததில்லை, எவனிடமும் குரலைத் தாழ்த்திப் பேசியதும் இல்லை. 'அந்தக் கடைக்காரம்மா வாயில விழாதே' என்று எனக்கு ஊரில் நல்ல பெயர்.

அப்போதுதான் எங்கள் பக்கம் பிராட்பேண்ட் வந்திருந்தது. கம்பெனிகளில் வேலை பார்க்கிற அப்பா அம்மாமார் தவணையில் கம்ப்யூட்டர் எடுத்தார்கள். பிள்ளை படிக்கட்டும் என்று வாங்குவது. வாங்கிய மறுநாளே பிள்ளை எதைப் பார்க்கிறதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வது. நீங்களும் அந்த நெருப்பைக் கட்டிக்கொண்டவர்கள்தானே? அப்படியானால் அந்தோணி வீட்டுக் கதை உங்களுக்குப் புரியும்.

முதல் பேரம்

அந்தோணியும் ஸ்டெல்லாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கடைக்கு வந்தார்கள். ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். அவள் சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். எப்போதும் ஜெனரல் ஷிஃப்ட், கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது மாலை ஆறரை ஆகும். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஜெனி நாலாவது, சின்னவள் பியூலா ஒன்றாவது. நாலு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அந்தோணி ஸ்பீக்கரை இனாமாகக் கேட்டார். மவுஸுக்கு அடியில் வைக்கிற அட்டைகூட இனாம் கிடையாது என்றேன். அவர் எழுந்து வாசல்வரை போனார். நான் 'போய்ட்டு வாங்க' என்று ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கப் போனேன். இரண்டு பேருமே அதிக தூரம் போகவில்லை. கடைசியில் ஸ்பீக்கருக்குப் பாதி விலை, அட்டை இனாம் என்று முடிந்தது. அப்போதுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். "அக்கா, நெட்டுல கண்டதும் வருமாமே. நாங்க ரெண்டு பேரும் இல்லாத நேரம் பிள்ளைக தனியா இருக்கும். கெட்டது எதுவும் வராம ஏதாச்சும் போட்டுக் குடுங்க." அந்தோணி இடையில் புகுந்தார். "பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுநாளே இவ வேலைக்குப் பேப்பர் போட்டுரணும். பேசி முடிச்சாச்சு."

பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா. ஸ்டெல்லாவோ ட்ரெய்னியாகக் காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே வேலை பார்த்து, அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தாள். பூசைக்கு வந்தபோதுகூடக் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வியாபாரி இல்லையா? "நான் பொருளுக்குத்தான் பொறுப்பு, பிள்ளைக்குப் பொறுப்பு இல்லம்மா" என்றேன். அவள் பில்லைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"மவுஸுக்கு ஒரு வருசம் வாரண்டி தாரீங்க. என் பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் தர மாட்டீங்களா அக்கா?"

நேரப் பூட்டு

அந்த வார்த்தைக்காகவே வீடு தேடிப்போய் ஒரு நேரப் பூட்டுப் போட்டுக்கொடுத்தேன். அதாவது, நாம் சொல்கிற மணிக்கு மட்டும் கம்ப்யூட்டர் திறக்கும், மற்ற நேரத்தில் என்ன தட்டினாலும் திறக்காது. அந்த வாரம் அந்தோணிக்கு ஏ ஷிஃப்ட். விடியுமுன் போய் மத்தியானம் மூன்றரைக்கு வீடு வந்துவிடுவார். ஆகவே நாலிலிருந்து ஆறு வரை திறந்திருக்கட்டும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார் என்று பேசி வைத்தோம். நானே முடுக்கிவிட்டு, பரிசோதித்துக் காட்டி, இதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். நான் கூலி வேண்டாம் என்று சொன்னால் அந்த வேலை விளங்காது என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவருக்கு பி ஷிஃப்ட். மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பிப் போனார். பூட்டுக்கு அது எப்படித் தெரியும்? சரியாக நாலு மணிக்கு, வீட்டில் ஒரு பெரியவர்கூட இல்லாத நேரம் பார்த்து, 'வாங்க பிள்ளைகளா' என்று திறந்துகொண்டது. காலையெல்லாம் வீட்டிலிருந்த அந்தோணி கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் திறக்கமாட்டேன் என்றது. வாரா வாரம் வந்து நேரத்தை மாற்றித் தர நான் என்ன கம்பெனி பஸ்ஸா? கடை வாசலில் நின்று நான் கத்த, அவர் கத்த, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நான் வீட்ல இருந்தா பூட்டிக்கிடுது, நான் படி இறங்குனதும் திறந்துக்கிடுது. இது பூட்டா அக்கா, இல்ல என் மச்சினனா?"

மொட்டைமாடியில் காய்ந்த ரகசியம்

நேரம் வேண்டாம், ரகசிய எண் வைத்துவிடலாம் என்று முடிவானது. அந்தோணி என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லி, கதவைச் சாத்தி, திரைச்சீலையையும் இழுத்துவிட்டுத் தானே எண்ணை அடித்தார். பாங்கு லாக்கர்கூட அவ்வளவு பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்காது. இரண்டு நாள் கழித்து நெட் ஒயரை மாற்றித்தர நான் போனால், ஜெனி ஜம்மென்று உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள். "எப்படிடி திறந்தே?" என்றேன். அவள் வாயைத் திறக்குமுன் பியூலா ஜன்னல் வழியே மேலே கையைக் காட்டினாள். "அப்பா நம்பர்தானே, அப்பா சட்டையிலேயே இருக்கே. மாடியில காயுது."

உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருத்தர் விடாமல் கம்பெனியில் ஆளுக்கு ஆள் கொடுக்கிற டோக்கன் நம்பரைத்தான் ரகசிய எண்ணாக வைப்பார்கள். பெண்டாட்டி பிறந்தநாள் மறந்தாலும் அது மறக்காது. அந்த நம்பரோ சட்டைப் பையில் தைத்திருக்கும், டிபன் பாக்ஸில் பெயிண்டால் எழுதியிருக்கும், ஷூவுக்குள்ளும் இருக்கும். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் காலை ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றால், ஸ்ரீபெரும்புதூரில் பாதி வீட்டுக் கம்ப்யூட்டரை நான் திறந்துவிடுவேன். அந்தோணியைக் கூப்பிட்டு, "முதல் வேலையா அந்த நம்பரை மாத்து தம்பி" என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"டோக்கன் நம்பரை மாத்தணும்னா ஹெச்.ஆர்ல எழுதிக் குடுக்கணுமே அக்கா, லேசுல மாத்த மாட்டாங்களே!"

கேட்டில் மாட்டிய மவுஸ்

பூட்டிலும் எண்ணிலும் நம்பிக்கை போன அந்தோணி கம்பெனி முறைக்கு வந்துவிட்டார். லைனில் மிஷின் ரிப்பேர் என்றால் வேறு யாரும் ஓட்டிவிடாதபடி அதன் கைப்பிடியைக் கழற்றிச் சூப்பர்வைசர் தன்னிடம் வைத்துக்கொள்வாராம். அதே மாதிரி, பி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மவுஸைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். சோறு, குழம்பு, பொரியல், மவுஸ். நாலே நாளில் ஜெனி மவுஸ் இல்லாமல் பொத்தானை மட்டும் தட்டியே எல்லா இடத்துக்கும் போகப் பழகிக்கொண்டாள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மனிதர் நிம்மதியாக வேலைக்குப் போகிறாரே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஷிஃப்ட் மாறியும் பழக்கம் மாறவில்லை. ஏ ஷிஃப்டுக்கும் மவுஸ் கூடவே போயிற்று. ஒருநாள் மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்தார். கம்பெனி ஆபீஸில் இருப்பதும் அதே மாதிரி மவுஸ். கேட் பாஸ் இல்லாமல் ஒரு நட்டுகூட வெளியே வர முடியாத இடம். "என் வீட்டு மவுஸ்" என்று அந்தோணி சொல்ல, "வீட்டு மவுஸுக்குக் கம்பெனியில என்ன வேலை?" என்று அவர் கேட்க, கடைசியில் என் கடைக்குப் போன் வந்தது. வாரண்டி ஸ்டிக்கரில் நான் போட்டிருந்த கிறுக்கலை அடையாளம் சொன்னேன். அதோடு விட்டேனா? உழைக்கிற மனிதனைத் திருடன் மாதிரி நிறுத்திவைப்பதா என்று ஒரு பிடி பிடித்தேன். செக்யூரிட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பெத்த புள்ளைங்களை நம்பாம எடுத்துக்கினு வந்தேன்னு சொல்றாரும்மா. அப்ப இவரை நாங்க எப்படி நம்பறது?"

கன்னியம்மா காவல்

மெஷினை நம்பியது போதும், ஒரு மனுஷியைக் காவல் வைப்போம் என்றாள் ஸ்டெல்லா. கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் கன்னியம்மா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், குரல் எனக்கே சவால் விடும். நாலு மணிக்கு மாடி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அசிங்கமாக எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. கன்னியம்மாவுக்கு அது சினிமாவுக்கு ஓசி டிக்கெட் கிடைத்த மாதிரி. பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிடுவார். நானும் என் பங்குக்கு, கெட்ட படம் வராமல் தடுக்கிற சாப்ட்வேர் ஒன்றை ரிச்சி தெருவில் சண்டை போட்டு வாங்கி வந்து போட்டேன். வாரம் ஒருமுறை கன்னியம்மா கடைக்கு வந்து எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் ஒன்றும் இல்லை. "சின்னது தூங்கிடுது. பெருசு இன்னாவோ டைப் அடிச்சிகினே கீது. நல்லாப் படிக்குது" என்றார்.

நாலாவது படிக்கிற பிள்ளைக்கு அப்படி என்ன டைப் அடிக்கிற பாடம் என்று எனக்கு லேசாக இடித்தது. "என்ன எழுதுதுன்னு பாத்தீங்களாக்கா?" என்றேன். கன்னியம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. பூவில் முடிச்சுப் போட்டுக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினார்.

"படம் கிடம் ஒன்னியும் வர்றதில்லம்மா, வெறும் எழுத்துதான். எழுத்துல இன்னா கெடுதல் கீது?"

நிஷா

அன்று மாலையே, யு.பி.எஸ். பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்தோணி பி ஷிஃப்டில் இருந்தார். கன்னியம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார், பியூலா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெனி சாட்டில் இருந்தாள். எதிர்ப்பக்கம் 'நிஷா, பத்து வயது, சென்னை' என்று போட்டிருந்தது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்று மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். உன் ஸ்கூல் எது? யூனிபார்ம் என்ன கலர்? வீடு எந்தத் தெரு? வீட்டில் யார் இருக்கா? ஒவ்வொன்றுக்கும் ஜெனி சமர்த்தாகப் பதில் எழுதியிருந்தாள். தெருப் பெயரை மட்டும் ஸ்பெல்லிங் தெரியாமல் விட்டுவைத்திருந்தாள். வாரத் தொடக்கத்தில் தவறாமல் ஒரு கேள்வி: 'அப்பா இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?' கடைசியாக வந்திருந்தது: 'ஒரு போட்டோ அனுப்பு. யாருக்கும் சொல்லாதே.'

பிள்ளையை அதட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். ரிச்சி தெருவில் நான் அடிபட்டுக் கற்றது ஒன்று உண்டு: பொருளைப் பற்றிப் பேசாமல், 'தனியாவா வந்தீங்க, எந்த பஸ்ல போவீங்க' என்று விசாரிக்கிறவன் வியாபாரி கிடையாது. இந்த நிஷா இத்தனை நாளில் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. பத்து வயசுப் பிள்ளை கேள்வி கேட்காது ஐயா, பீற்றிக்கொள்ளும். என் பென்சில் பாக்ஸ், என் புது ஷூ, என் மிஸ் என்னை லீடர் ஆக்கினாங்க என்று அளந்துவிடும். ஜெனியை நகர்ந்து உட்காரச் சொல்லி நான் அடித்தேன். 'உங்க மிஸ் பேர் என்ன?' பதில்: 'போட்டோ எங்கே?' 'உன் பக்கத்துல யாரு உட்காருவா?' பதில்: 'அப்பா போயாச்சா?' இது போதாதா? 'அப்பா போயாச்சு. நான் இருக்கேன். இதுவரைக்கும் நீ எழுதினது எல்லாத்தையும் பிரிண்ட் எடுக்கப் போறேன். தைரியம் இருந்தா இப்ப எழுதுடா' என்று ஒவ்வொரு பொத்தானையும் குத்திக் குத்தி அடித்தேன். நிஷா போய்விட்டாள். போய்விட்டான் என்பதுதான் சரி.

ஜெனி அழவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. எங்கள் பக்கத்தில் மனிதர்கள் பார்த்துக்கொண்டால் 'சாப்பிட்டியா, சௌக்கியமா' எல்லாம் கிடையாது. 'என்ன ஷிஃப்ட்?' என்பதுதான் குசலம் விசாரிப்பது. மளிகைக்கடைக்காரர் கேட்பார், பள்ளிக்கூட ஆயா கேட்பார், பாதிரியார் கேட்பார். எங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லப் பழகும்போதே அப்பா அம்மா ஷிஃப்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுகின்றன. மரியாதையான பிள்ளை என்று நாமும் தலையைத் தடவிக்கொடுக்கிறோம். வீடு எப்போது காலியாக இருக்கும் என்று ஊருக்கே மணி அடித்துச் சொல்கிறோம் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது. "யாருடி அவ? எதுக்கு அவகிட்ட இதெல்லாம் சொன்னே?" என்றேன்.

"ஃப்ரெண்டுக்கா. எல்லாரும் கேக்கிறதைத்தானே அவளும் கேட்டா."

சாப்பாட்டு மேஜையில் பஞ்சாயத்து

ஆறரைக்கு ஸ்டெல்லா வந்தாள். படித்துக் காட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவருகிட்ட சொன்னா நாளைக்கே என்னை வேலையை விடச் சொல்லிருவாரு" என்றாள். பிறகு அவளே, "சொல்லாம இருக்க முடியாது அக்கா, இது பிள்ளை விஷயம்" என்றாள். அந்த இடத்தில் அவள்மேல் எனக்கு வந்த மரியாதையை எந்த விலைக்கும் குறைக்க மாட்டேன். மறுநாள் பிரிண்ட் எடுத்த தாள்களோடு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். ஜெனியின் பழைய சாட் பெயரை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பஞ்சாயத்து. எதிர்பார்த்ததுதான். "நாளைக்கே பேப்பர் போட்டுரு" என்று ஒரே பிடியாக நின்றார். நான் குரலை ஏற்றினேன். கன்னியம்மா கீழேயிருந்தே, "இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு வேலையை வுடணும்?" என்று எனக்குப் பின்பாட்டுப் பாடினார். "அம்மா வீட்ல இருந்தாலும் அந்தப் பிள்ளை இதே பதிலைத்தான் தம்பி சொல்லியிருக்கும். நாம பழக்கினது அப்படி" என்றேன். அந்தோணி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஒரு வாரம் பொறுக்கிறேன் என்ற வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். அவர் மேலிருந்து சொன்னார்:

"அது விவரம் தெரியாத பிள்ளை, சொல்லிட்டுது. எங்கிட்ட எவனாச்சும் கேட்டுப் பாக்கட்டும், ஒரு வார்த்தை வாங்க முடியாது!"

கூரியர்

புதன்கிழமை ஸ்டெல்லா லீவு போட்டிருந்தாள். காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தோணிக்கு அந்த வாரமும் பி ஷிஃப்ட்தான். ஆள் குறைவு என்று அதே ஷிஃப்டில் நிறுத்திவைத்துவிட்டார்களாம். ஆகவே காலையில் வீட்டில் இருந்தார். கடைப் போனில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு அவர் வீட்டு நம்பரைப் போட்டேன். "குட் மார்னிங் சார், கூரியர் ஆபீஸ்லேருந்து பேசறோம் சார்" என்று குழைந்தேன். குரலை மாற்றவெல்லாம் இல்லை. நான் மெதுவாகப் பேசி அந்த மனிதர் கேட்டதே இல்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"உங்களுக்கு ஒரு பார்சல் சார். நாளைக்கு எப்ப வந்தா வீட்ல ஆள் இருப்பாங்க?" என்றேன். யார் அனுப்பியது, எந்தக் கூரியர் என்று ஒரு கேள்வி? ம்ஹூம். லைன் மீட்டிங்கில் ரிப்போர்ட் படிப்பதுபோல ஆரம்பித்தார். "எனக்கு பி ஷிஃப்ட் மேடம், ஒரு மணிக்குக் கிளம்பிருவேன். வீட்டுக்காரி ஜெனரல் ஷிஃப்ட், அவ வர ஆறரை ஆயிரும். நாலு மணிக்குப் பிள்ளைக வந்துரும், அதுகதான் இருக்கும், அதுக கையில குடுங்க." நான் விடவில்லை. "குழந்தைங்க கதவு திறப்பாங்களா சார்?" "பெரியவ பேரு ஜெனி. ஜெனின்னு கூப்பிடுங்க, திறந்துருவா. அதுக வர முந்தியே வந்தீங்கன்னா வாசல்ல கிடக்கிற என் பழைய ஷூவுக்குள்ள சாவி இருக்கும் மேடம், திறந்து உள்ள வச்சிட்டுப் போயிருங்க." ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "என்ன அந்தோணி," என்று நான் என் சொந்தக் குரலில் ஆரம்பித்தேன், "பாவம், அந்த நிஷாவுக்குச் சாவி இருக்கிற இடம்கூடக் கிடைக்கலியே!" டொக்கென்று போனை வைத்தார்.

கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி பேசினார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் நேரே கன்னியம்மா வீட்டுக்குப் போகட்டும். ஸ்டெல்லாவோ தானோ வந்த பிறகுதான் மாடிக் கதவு, அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். அதுவும் பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்தையும் படிக்க வேண்டும். யார் என்ன கேட்டாலும் 'அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்' என்பதுதான் பதில். ஷிஃப்டைப் பற்றி எவருக்கும் மூச்சு விடக்கூடாது. ஷூவை இன்றைக்கே தூக்கிப்போட்டுவிடுவாராம். நான் எதிர்த்துப் பேச ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை அவர். எனக்கு அதுவேறு எரிச்சல். ஸ்டெல்லா காய்ப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள், பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், அவர் தோளைத் தட்டி ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"எல்லாம் சரி, இப்ப நம்ம ரெண்டு பேருல யாரு பேப்பர் போடணும்னு அக்காகிட்ட கேட்டுட்டுக் கிளம்புவோமா?"

இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பூட்டுக் கேட்டு வருகிற அப்பா அம்மாமாருக்கு நான் தாராளமாக விற்கிறேன், ஆனால் பொருத்தப் போவதற்கு முன்னால் ஒருமுறை கூரியர்க்காரியாக அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு, பூட்டு யாருக்கு வேண்டும் என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் புறப்படுகிறேன்.